மூன்றரை அங்குல இருப்புப்பாதை

"வளர்ந்த ஆட்கள் வண்டி பொம்மை செய்கின்றார்கள்" என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டோம். சங்கரன்கோவிலில் தறியோசை ஓயாத தெரு ஒன்றில், ஒரு வீட்டின் பின்கட்டில், தகரச் சாய்ப்பின் கீழே, ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடிச் செம்பை அறுப்பதும் வெண்கலத்தை அராவுவதுமாய் இருந்தால் ஊர் வேறென்ன சொல்லும்? சிலை செய்திருந்தால் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயிருப்பார்கள். நாங்கள் செய்ததோ புகைபோக்கி. சிரிக்காமல் என்ன செய்வார்கள்!

ஆனால் அது பொம்மையன்று, தோழர்களே. கரி தின்று, தண்ணீர் குடித்து, தன் மூச்சால் தானே நடந்து, ஆளையும் இழுத்துச் செல்லும் நீராவி எஞ்சின். நீளம் ஏறத்தாழ ஒரு முழம். தண்டவாளங்களுக்கு இடையே மூன்றரை அங்குலம். உலகின் பெரும்பகுதியில் தரமாகக் கொள்ளப்பட்ட 4 அடி 8½ அங்குலப் பாதையைப் பதினாறில் ஒன்றாகச் சுருக்கினால் கிடைப்பது அது. அத்தகைய எஞ்சின் ஒன்றை முதன்முதலாகச் செய்து, 2025 தைத் திங்களில் ஓட்டியும் பார்த்தோம். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தோம்.

ஐவர் என்றோம். ஒருவர் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவர். ஒருவர் விசைத்தறி பழுது பார்ப்பவர். மூன்றாமவர் பொற்கொல்லர், அச்சில் வார்த்த நகைகள் கடைகளில் குவிந்தபின் ஊதுகுழலுக்கு வேலை குறைந்துபோனவர். நான்காமவர் அந்த விசைத்தறித் தோழரின் மகள். பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்துப் பட்டயம் பெற்றவர். ஐந்தாமவர் எண்பதை நெருங்கும் முதியவர். மீட்டர் பாதையில் நீராவி எஞ்சினுக்குக் கரி தள்ளிய ஃபயர்மேன். அவருக்கு ஒரு கண்ணில் பார்வை அறவே போய்விட்டது. மற்றொன்றில் வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரிகின்றன. அந்த வெளிச்சமும் எத்தனை நாளைக்கு என்று மருத்துவராலும் சொல்ல முடியவில்லை. எங்கள் வேலைக்கு அவசரம் என்று ஒன்று இருந்தது என்றால், அது அந்தக் கண்தான்.

விருதுநகரிலிருந்து தென்காசிக்கு மீட்டர் பாதை திறக்கப்பட்டது 1927-ல். அதற்கு முன்பே, 1904-ல், செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லம் வரை பாதை போட்டுவிட்டார்கள். இவ்விரண்டும் சேர்ந்ததும் சங்கரன்கோவில் நிலையத்தில் நின்றால் சேரநாட்டுக் கடற்கரைவரை போகலாம் என்றாயிற்று. எங்கள் முதியவர் அந்த மலையேற்றத்தில் கரி தள்ளியவர். ஒய்.பி. என்றும் ஒய்.ஜி. என்றும் பெயர் பெற்ற எஞ்சின்கள் அவை. நாடு விடுதலை பெற்ற பின்னர் வந்தவை. அவற்றுள் பெருந்தொகை ஜாம்ஷெட்பூரில் செய்யப்பட்டவை. தொண்ணூறுகளோடு இந்திய இருப்புப்பாதைகளில் நீராவியின் காலம் முடிந்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எங்கள் மீட்டர் பாதையும் அகலப்பாதையாயிற்று. எஞ்சின்களை இரும்பு விலைக்கு விற்றார்கள். அவற்றை ஓட்டியவர்களின் தலைக்குள்ளும் கைக்குள்ளும் இருந்ததை யாரும் விலை பேசவில்லை.

அது என்ன சரக்கு என்று கேட்பீர்கள். நெருப்பின் நிறத்தைப் பார்த்துக் காற்றோட்டம் போதுமா என்று சொல்வது ஒன்று. எஞ்சின் விடும் மூச்சைக் கேட்டு எந்தப் பக்கத்து வால்வு தவறுகின்றது என்று சொல்வது மற்றொன்று. ஏற்றம் வருமுன் எத்தனை மண்வெட்டி கரி, எந்த மூலையில், என்று அறிவது வேறொன்று. இவை தமிழில் எந்தப் புத்தகத்திலும் எழுதப்பட்டு நாங்கள் கண்டதில்லை. பள்ளியிலோ "நீராவி எஞ்சின் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்பார்கள். பிள்ளையும் வரையும், குறிக்கும், ஐந்து மதிப்பெண் வாங்கும். அந்தப் பாகம் ஒன்றைத் தொட்டுப் பார்த்த பிள்ளை உண்டா? தொட்டு வேலை செய்தவரிடம் யாரேனும் கேட்டதுண்டா? கையால் செய்பவனுக்கு அறிவில்லை, அறிவுடையவன் கையால் செய்யமாட்டான் என்று பிறப்பை வைத்து வகுத்துவிட்ட நாட்டில் இப்படித்தான் நடக்கும்.

சிறு எஞ்சின் செய்யும் வேலை சிறுபிள்ளை வேலை என்பவர்களுக்கு ஒரு செய்தி. பெரிய எஞ்சினுக்கு முன்பே பிறந்தது சிறிய எஞ்சின்தான். 1784-ல், இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ரெட்ருத் என்னும் ஊரில், வில்லியம் மர்டாக் என்பவர் ஓரடி உயரத்தில் மூன்று சக்கர நீராவி வண்டி ஒன்றைச் செய்தார். சாராய விளக்குதான் அடுப்பு. ஓரிரவு மாதாகோவிலுக்குப் போகும் சந்தில் அதை ஓடவிட்டாராம். இருட்டில் தீயைக் கக்கிக்கொண்டு சீறிவந்த அந்தச் சிறு உருவைக் கண்டு, எதிரே வந்த பாதிரியார் சாத்தானே வந்துவிட்டான் என்று அலறினாராம். அந்தச் சாத்தான் இன்று பர்மிங்காம் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கின்றான்! பாதிரியார் அஞ்சியதில் வியப்பில்லை. மர்டாக்கின் முதலாளியாகிய ஜேம்சு வாட்டே இந்த வண்டி வேலையை விட்டுவிடச் சொன்னார் என்பதுதான் வியப்பு. பெரிய மனிதர்களுக்கும் பழகிய எல்லையைத் தாண்டக் கால் கூசும் போலும்.

நம் பக்கத்திலும் ஆள் இல்லாமல் இல்லை. கோவை ஜி.டி.நாயுடு இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் பரிமாறுபவராய் வேலை செய்து, கூலியைச் சேர்த்து, அதை வாங்கினார். வாங்கி என்ன செய்தார்? ஓட்டித் திரிவதற்கு முன் அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிப் பிரித்து, மறுபடி பூட்டினார். அவர் படித்த கல்லூரி அதுதான். திருச்சிப் பொன்மலைப் பணிமனையை எடுத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினத்திலிருந்து 1928-ல் பெயர்ந்து வந்த பணிமனை. நீலகிரி மலை இருப்புப்பாதைக்கு வேண்டிய எஞ்சின்கள் ஒருகாலத்தில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தன; 2021-ல் நிலக்கரியில் ஓடும் எஞ்சின் ஒன்றைப் பொன்மலைத் தொழிலாளர்களே புதிதாகச் செய்து அனுப்பினார்கள். உலகம் நீராவியை மறந்த பிறகு, தமிழ்நாட்டுத் தொழிலாளி நீராவி எஞ்சினை முழுதாகச் செய்து காட்டினான். அந்தச் செய்தியைப் படித்த அன்றுதான், எங்கள் முதியவரிடம் "ஐயா, நாமும் ஒன்று செய்தால் என்ன?" என்று கேட்டோம். அவர் சிரித்தார். பிறகு, "எனக்குப் பார்வை இருக்கும்போதே செய்தால் நல்லது" என்றார்.

வழிகாட்டி வேண்டுமே? 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயரில் எழுதிய ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். 1883-ல் பிறந்து 1967-ல் மறைந்தவர். இலண்டன் - பிரைட்டன் தென்கரை இருப்புப்பாதையின் முதலெழுத்துகளே அப்பெயர். பட்டறை வசதியில்லாதவனும் செய்யத் தகுந்தாற்போல் சிறு எஞ்சின்களுக்கு வரைபடமும் விளக்கமும் எழுதியவர். 1920-களில், இத்தனை சிறிய எஞ்சின் நிலக்கரியில் ஓடாது, ஓடினாலும் ஆளை இழுக்காது என்று வல்லுநர்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர் மறுப்புக் கட்டுரை எழுதியதோடு நிற்கவில்லை. இரண்டரை அங்குலப் பாதையில் தம் எஞ்சினைக் கொண்டுவந்து வைத்து, ஆளை உட்காரவைத்து, இழுத்துக் காட்டினார். வாதம் அடங்கியது. தொடக்கக்காரருக்கென அவர் வரைந்த 'டிச்' என்னும் நாற்சக்கர எஞ்சினைத்தான் நாங்கள் அடிப்படையாகக் கொண்டோம். கிடைத்த பொருளுக்கேற்பச் சிலவற்றை மாற்றிக்கொண்டோம்.

ஒன்றை முன்பே தெளிவாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. பெரியதைப் பதினாறில் ஒன்றாய்ச் சுருக்கிவிட்டால் எல்லாம் பதினாறில் ஒன்றாகிவிடாது. நீளம் பதினாறில் ஒன்றானால் பரப்பு 256-ல் ஒன்று. கொள்ளளவு 4096-ல் ஒன்று. கலிலியோ 1638-ல் வெளிவந்த தம் நூலில் விளக்கிய கணக்கு இது. உள்ளே இருக்கும் நீர் அத்தனை குறைந்தும், வெப்பம் வெளியேறும் மேற்பரப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. ஆகவே சிறு எஞ்சின் விரைவில் சூடாகும், விரைவில் ஆறும், விரைவில் தாகமெடுக்கும். கைக்குழந்தையைப் போல அடிக்கடி கொடுக்க வேண்டும், சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டும்.

கொதிகலத்தில் தொடங்கினோம். எஞ்சினில் உயிர் போக்கக்கூடிய பகுதி அது ஒன்றுதான். 1803-ல் இலண்டனை அடுத்த கிரீனிச்சில் டிரெவிதிக்கின் கொதிகலம் வெடித்து உயிர்கள் போயின. அதன்பின் அவர் இரண்டு காப்பு வால்வுகள் வைத்தார். நீர் வற்றினால் உருகி நெருப்பை அணைக்கும் ஈயச் செருகியையும் கண்டார். எங்கள் கொதிகலத்தில் ஒரு லிட்டர் தண்ணீர்கூடக் கொள்ளாது. 25 லிட்டருக்குக் குறைந்த கொதிகலத்தைச் சட்டம் கணக்கில் எடுப்பதில்லை. 1923-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படி, அதற்கு மாற்றாக வந்த 2025-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படி. சட்டம் கேட்காவிட்டால் என்ன? நாங்களே சட்டம் வைத்துக்கொண்டோம். வேலை அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 80 பவுண்டு. ஆய்வு அழுத்தம் அதற்கு இரட்டிப்பு. அதில் தேறாமல் தீ மூட்டக்கூடாது.

கணக்குப் போட்டவர் அந்தப் பெண். மூன்று அங்குல விட்டத்தில், 2 மில்லிமீட்டர்ச் செம்புத் தகட்டில் செய்த உருளையில், 80 பவுண்டு அழுத்தம் இருந்தால், தகட்டைக் கிழிக்க முயலும் விசை சதுர அங்குலத்திற்கு ஏறத்தாழ 1500 பவுண்டு. செம்பு தாங்கக் கூடியதில் அது இருபதில் ஒரு பங்குதான். இதை அவர் சாக்கட்டியால் சுவரில் எழுதினார். இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறோம்.

தகட்டை வளைக்கும்போது பொற்கொல்லரின் காலம் வந்தது. எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் இறுகும். செம்பை அவ்வாறே செய்தால் இளகும்! அடிக்க அடிக்க மீண்டும் விறைக்கும். மறுபடி காய்ச்ச வேண்டும். ஒரு தகட்டின் விளிம்பைச் சுற்றிலும் மடிக்க ஐந்தாறு முறை காய்ச்சினோம். "எப்போது காய்ச்சுவது?" என்று கேட்டதற்கு, "சுத்தியல் சொல்லும்" என்றார் அவர். வேடிக்கைக்குச் சொல்கின்றார் என்று நினைத்தோம். நான்காம் தகட்டில் எங்கள் காதுக்கும் அது கேட்டது. இளகிய செம்பு மொத்தென்று ஒலிக்கும். விறைத்துவிட்டால் ஒலி கூர்மையாகும்.

பற்றவைப்பதுதான் பெரிய சோதனை. வெண்காரத்தைக் குழைத்துத் தடவி, வெள்ளி கலந்த பற்றாசை வைத்து, 650 டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் அது நீராய் ஓடி மூட்டுக்குள் புகும். மோதிரத்துக்கு ஊதுகுழல் போதும். கொதிகலமோ வெப்பத்தை வாங்கி வாங்கி விழுங்குகிறது. இரண்டு பெரிய எரிவாயுச் சுடர்கள், சுற்றிலும் சுட்ட செங்கல், இடையில் கரி என்று ஒரு கோட்டையே கட்டினோம். இன்னொரு நிபந்தனையும் அவர் வைத்தார். காட்மியம் கலந்த பற்றாசு கூடாது. கே.டி.எம். நகை என்று ஊரெங்கும் விளம்பரம் செய்தார்களே, அதில் இருந்த காட்மியந்தான். அதன் புகை நுரையீரலைத் தின்னும். பல ஆண்டுகள் அந்தப் புகைக்கு முன்னால் குனிந்து உட்கார்ந்தவர் அவர். மாடிப்படி ஏறினால் இன்றும் நின்று மூச்சு வாங்குகிறார். அந்த நகையைப் பூட்டிக்கொண்டவர்கள் யாருக்கும் இது தெரிந்திருக்காது.

பற்றவைத்ததும் கொதிகலம் கன்னங்கரேலென்று ஆகிவிடும். வெண்காரம் கண்ணாடிபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் போக்க அமிலம் வேண்டும். மேல்நாட்டார் சிட்ரிக் அமிலம் என்பார்கள். நமக்குப் பக்கத்தில் புளியங்குடி இருக்கும்போது அமிலத்துக்கு எங்கே போவது? எலுமிச்சைச் சாறு பிழிந்த அண்டாவில் ஓரிரவு ஊறியது. காலையில் புதுச்செம்பாய்ப் பளபளத்தது. நம் வீட்டுப் பெண்கள் செப்புக்குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் அதே வேதியல்தான். பின்னர் முதல் ஓட்டத்தன்று, சக்கரத்தின் கீழே வைத்து நசுக்க ஒருவர் எலுமிச்சம்பழம் கொண்டுவந்தார். எஞ்சினுக்கு வேண்டிய எலுமிச்சையை அது முன்பே குடித்துவிட்டது என்று கூறி, அவர் கொணர்ந்ததைப் பிள்ளைகளுக்குப் பானகமாக்கிவிட்டோம். அவருக்குச் சிறிது வருத்தந்தான். பானகத்தை அவரும் குடித்தார்.

ஆய்வு நாள். கொதிகலத்தை விளிம்புவரை தண்ணீரால் நிரப்பிக் கைப்பம்பினால் அழுத்தம் ஏற்றினோம். நீராவியையோ காற்றையோ வைத்துச் சோதிக்கக்கூடாது. அவை சுருங்கி விசையைத் தேக்கிவைக்கும். மூட்டு விட்டால் பாய்ந்து வெடிக்கும். தண்ணீர் சுருங்காது, மூட்டு விட்டால் சொட்டு நீர் கசியும், முள் கீழே இறங்கும், அவ்வளவே. 60, 80, 100. எங்கள் பொற்கொல்லர் பேச்சை நிறுத்திவிட்டார். 120-ல் தீப்பெட்டி ஓரத்துத் தாங்காணி ஒன்றில் கண்ணீர்போல் ஒரு துளி. இறக்கினோம்; காயவைத்தோம்; அடுத்த ஞாயிறு அந்த இடத்தை மட்டும் மறுபடி சூடாக்கினார். பிறகு 160-ல் இருபது நிமிடம் முள் அசையாமல் நின்றது. அவர் எழுந்து வாசலுக்குப் போய் நெடுநேரம் நின்றுவிட்டு வந்தார். "நாற்பது வருஷத்தில் எனக்கு யாரும் இப்படி ஒரு பரீட்சை வைத்ததில்லை" என்றார்.

உருளைகள் வெண்கலம். மரத்தில் அச்சுச் செய்து, குத்துவிளக்கு வார்ப்பவரிடம் கொடுத்து மணலில் வார்த்தோம். அச்சு, சட்டம், சக்கரம் இவற்றைப் பற்றி விரித்தால் பக்கம் போதாது. கடைசல் பொறியில் பல ஞாயிறுகள் போயின என்பது போதும்.

வால்வு அமைப்புக்கு வந்தபோது ஆசிரியர் படம் வரைந்து விளக்கத் தொடங்கினார். விசைத்தறித் தோழர் இடைமறித்து, "இதைத்தானே நான் தினமும் செய்கிறேன்" என்றார். எண்ணிப் பாருங்கள்: தறியில் பாவு இரண்டாய்ப் பிரிந்து திறக்கும் கணத்தில் நாடா பாய வேண்டும். திறக்குமுன் பாய்ந்தால் இழை அறும். தாமதித்துப் பாய்ந்தால் நாடா நடுவிலே சிக்கும். எஞ்சினிலும் அப்படியே. உந்துதண்டு ஒரு முனையை அடையும் கணத்தில் நீராவிக்கு வழி திறக்க வேண்டும். பாதி வழியில் மூட வேண்டும். மறுமுனையில் பழைய நீராவி வெளியேற வேண்டும். கார்ட்ரைட் விசைத்தறியைக் கண்டது 1785-ல். மர்டாக் வண்டி ஓட்டியதற்கு மறு ஆண்டு. இரண்டும் ஒரே காலத்துப் பிள்ளைகள். ஆசிரியர் சாக்கட்டியைத் தோழரிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

அந்த அமைப்புக்கு வால்சேர்ட் அமைப்பு என்று பெயர். வால்சேர்ட் என்பவர் பெல்சிய நாட்டு இருப்புப்பாதைப் பணிமனையில் வேலை பார்த்தவர். 1844-ல் காப்புரிமை பதிவானபோது வேறொருவர் பெயரில்தான் பதிவாயிற்று. ஆனால் உலகம் முழுவதும் பெருவழக்காய்ப் பரவியது அந்தத் தொழிலாளியின் பெயரே. எங்கள் முதியவர் கரி தள்ளிய ஒய்.பி.யிலும் அதே அமைப்புத்தான். நாங்கள் செய்து முடித்த தண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார், பெயர் சொன்னார், ஒன்றுகூடத் தவறவில்லை.

முதலில் அழுத்தக் காற்றில் ஓட்டிப் பார்ப்பது வழக்கம். சைக்கிளில் வைத்து, பஞ்சர் ஒட்டும் கடைக்கு எடுத்துச் சென்றோம். லாரி டயருக்குப் போகும் காற்றைக் குழாயில் வாங்கிக்கொண்டு, சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றின. கடை முன் கூட்டம். முதியவர் மட்டும் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டு உருளைகள், ஒவ்வொன்றும் இருபுறமும் வேலை செய்வது, ஆகச் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றினால் நான்கு மூச்சு. நான்கும் ஒரே கனமாய் ஒலிக்க வேண்டும். "நொண்டுகிறது," என்றார் முதியவர். எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. "இடப்பக்கம். ஒரு மூச்சு கனம், ஒன்று இலேசு. வால்வு முன்னால் தள்ளி உட்கார்ந்திருக்கிறது." அந்தப் பெண் நீராவிப் பெட்டியின் மூடியைக் கழற்றி, வால்வுத் தண்டின் மரையில் அரைச் சுற்றுத் திருகினார். அங்குலத்தில் எண்பதில் ஒரு பங்கு நகர்வு. மறுபடி காற்று. இப்போது எங்கள் காதுக்கும் வேறுபாடு தெரிந்தது; நான்கும் ஒன்றுபோல் ஒலித்தன. கண் தெரியாத ஒருவர் காதால் கண்டதை, எண்பதில் ஒரு பங்கை, அளவுகோல் பிறகு சரியென்றது.

தைத் திங்கள் ஞாயிறு ஒன்றில் தீ மூட்டினோம். பின்கட்டிலிருந்து சந்துவரை அறுபதடி; இரண்டடி உயர மரக்கால்களின் மேல் இரும்புப் பட்டைகள். தண்ணீர், மழைநாளில் பிடித்துவைத்தது; எங்கள் ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீரை ஊற்றினால் சில திங்களில் செம்புக்குள் கல் படிந்துவிடும். சீமைக்கருவேலங் கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து முதல் தீ. புகைபோக்கியின் மேல் சிறு மின்விசிறியை வைத்துக் காற்றை இழுத்தோம். கரி செவ்வொளி வந்ததும் நிலக்கரி, கடலைப்பருப்பு அளவில் உடைத்தது. பத்து நிமிடத்தில் முள் அசைந்தது. 20 பவுண்டு வந்ததும் விசிறியை எடுத்துவிட்டு ஊதுவால்வைத் திறக்கச் சொன்னார் முதியவர். அதன்பின் எஞ்சின் தன் நெருப்பைத் தானே விசிறிக்கொண்டது.

இந்த இடத்தைச் சிறிது விளக்காமல் போக மனமில்லை. 1829-ல் ரெயின்கில் போட்டியில் வென்ற 'ராக்கெட்' எஞ்சினின் உயிர்நிலை இரண்டு. ஒன்று, கொதிகலத்துக்குள் 25 செப்புக் குழாய்கள் வழியே நெருப்பின் வெப்பம் சென்றது. மற்றொன்று, உருளையில் வேலை முடித்த நீராவி புகைபோக்கிக்குள் பீறிட்டு, கூடவே நெருப்புக்குக் காற்றை இழுத்தது. பாரம் மிகுந்தால் நீராவி மிகுதியாய்ச் செலவாகும், மிகுதியாய்ச் செலவானால் காற்று மிகுதியாய் இழுக்கப்படும், நெருப்பு ஓங்கும், நீராவி பெருகும். எவரும் கட்டளையிடாமல், எந்தத் தெய்வமும் எட்டிப் பாராமல், வேலை தனக்கு வேண்டிய வலுவைத் தானே தேடிக்கொள்ளும் ஏற்பாடு! அதைச் செய்த சுடீபன்சன் குடும்பத்து மூத்தவர், ஜார்ஜ், நிலக்கரிச் சுரங்கத்து ஃபயர்மேனின் மகன். பதினெட்டு வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாதவர்.

80 பவுண்டில் காப்பு வால்வு திறந்து சீறியது. கூட்டம் பின்வாங்கியது, முதியவர் முகம் மலர்ந்தது. எஞ்சினுக்குப் பின்னால் தட்டுவண்டியில் அவரை உட்காரவைத்தோம். வலக்கை ரெகுலேட்டரில். பக்கத்தில் நடந்துகொண்டே அந்தப் பெண்.

"தாயீ, கண்ணாடியில் தண்ணீர் எங்கே நிற்கிறது?"

"பாதிக்கு மேலே, தாத்தா."

"நெருப்பு?"

"நடுவில் வெள்ளை, ஓரத்தில் சிவப்பு."

"ஓரத்தில் ஒரு கரண்டி போடு. நிறையப் போடாதே."

திறந்தார். முதலில் உருளைக்குள் தங்கிய நீர் தெறித்தது, பிறகு நான்கு மூச்சும் சீராய் வந்தன, வண்டி நகர்ந்தது. ஒரு முழ எஞ்சின் முழு ஆளை இழுத்துக்கொண்டு அறுபதடி போயிற்று. சந்து முனையில் நிறுத்தி, திருப்புகோலை மாற்றிப் பின்னோக்கி வந்தார். மறுபடி முன்னோக்கி. எத்தனை முறை என்று எண்ணவில்லை. பெரிய எஞ்சினில் பத்து மண்வெட்டி போட்டால் சிறிது மூச்சு விடலாம், இதில் அரை நிமிடம் ஏமாந்தால் முள் விழுகிறது என்று முறையிட்டார்; ஆனால் இறங்கத்தான் மறுத்தார். தெருவார் வரிசையில் நின்றார்கள். பொம்மை என்று முதலில் சொன்னவரும் தம் பேரனைத் தூக்கிக்கொண்டு அந்த வரிசையில் நின்றார்.

மாலையில் தீயை இறக்கும்போது முதியவர் அந்தப் பெண்ணின் தந்தையிடம், "இவளை எஞ்சின் ஓட்ட அனுப்பு" என்றார். இருப்புப்பாதையில் உதவி ஓட்டுநர் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. வீட்டில் எதிர்ப்பு. இரவு வேலை, ஆண்கள் நடுவே வேலை, மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற பேச்சு. இதில் நாங்கள் ஐவருமே ஒருமனமாய் இருக்கவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகின்றோம். வால்வு அமைப்பைத் தறியோடு ஒப்பிட்டுக் காட்டிய அதே தந்தைதான், மகள் விசயத்தில் வாயடைத்துப் போனார். மராட்டியத்தைச் சேர்ந்த சுரேகா யாதவ் 1989-லேயே எஞ்சின் ஓட்டும் பணியில் சேர்ந்தாரே என்றோம். "அது மராட்டியம்" என்றார். ஏறத்தாழ ஒரு திங்கள் அவர் பின்கட்டுக்கு வரவில்லை. பிறகொரு ஞாயிறு வந்தார். கையில் விண்ணப்பத்துக்கு வேண்டிய சான்றிதழ்களின் படிகள். யார் என்ன சொல்லி மனம் மாறினார் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்தப் பெண் தேர்வு எழுதியிருக்கின்றார். முடிவு இன்னும் வரவில்லை.

இப்போது இஞ்செக்டர் வேலை நடக்கின்றது. 1858-ல் பிரெஞ்சுக்காரர் கிஃபார் கண்டது. கொதிகலத்தின் நீராவியைக் கொண்டே அதே கொதிகலத்துக்குள், அதன் அழுத்தத்தையும் மீறி, தண்ணீரைப் புகுத்தும் கருவி. அசையும் உறுப்பு ஒன்றும் இல்லை, மூன்று கூம்புகள்தாம். கேட்டவர்கள் அன்று நம்ப மறுத்தார்கள். எங்கள் அளவில் கூம்பின் துளை ஒரு மில்லிமீட்டரும் இராது. இஞ்செக்டர் இல்லாத எஞ்சினை எஞ்சின் என்று ஒப்பமாட்டேன் என்கிறார் முதியவர். கம்பியைத் துளைக்குள் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்து, "இன்னும் ஒரு மயிரிழை" என்கிறார். பகல் வெளிச்சமும் அவருக்கு இப்போது சரியாகத் தெரிவதில்லை. நீராவிக் கூம்பும் கலவைக் கூம்பும் முடிந்துவிட்டன. மூன்றாவது, கடைசல் பொறியில் இருக்கின்றது.